பத்து வாட் அடுப்பு: சூடேறும் உடுப்பு எப்படி இயங்குகிறது?

விடியற்காலை ஐந்தரை மணிக்கு ரந்தாவ் பக்கம் லின்சம் தோட்டத்துச் சாலையிலோ, போர்ட்டிக்சன் பக்கம் சுவா பெத்தோங்கிலோ சற்று நேரம் நின்று பாருங்கள். கப்சாய் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஓட்டுகிறவர் ஜாக்கெட்டை முன்பின் மாற்றிப் போட்டிருப்பார். ஜிப் முதுகுப்பக்கம் திறந்து கிடக்கும். முதுகுத்துணி நெஞ்சை மூடியிருக்கும். ஒரு காலத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கூட்டும் இடத்துக்கு, போன பால்மரத் தொழிலாளிகள் இப்படிப் போட்டார்கள். பெரும்பாலான தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பிள்ளைகள் செனவாங் தொழிற்சாலைகளுக்கு விடிகாலை ஷிப்டுக்குப் போகிறார்கள். ஜாக்கெட் மட்டும் இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. நான் இப்போது சொல்லப்போகும் விஷயத்தில் பாதி அந்த மாற்றிப் போட்ட ஜாக்கெட்டில்தான் இருக்கிறது. மீதிப் பாதி, இணையக் கடைகளில் நூறு வெள்ளிக்கும் குறைவாகக் கிடைக்கிற ‘சூடேறும் உடுப்பு’. கையில்லாத மேல்சட்டை மாதிரி இருக்கும். உள்ளே தைத்த மெல்லிய கம்பி, ஓரத்தில் பவர் பேங்க்கில் செருக ஒரு வால். டிசம்பர், ஜனவரியில் மோட்டாரில் கேமரன் மலைக்குக் கிளம்பும் நம் பிள்ளைகள் இதை வாங்குகிறார்கள். வாங்கியதும் இரண்டு கேள்வி வருகிறது. இது உண்மையிலேயே குளிரைத் தாங்குமா? மோட்டார் பேட்டரியிலேயே மாட்டிவிடலாமா? இரண்டுக்கும் பதில் தெரிய, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். மின்சாரம் படித்திருக்கத் தேவையில்லை. சோறு வடித்திருந்தால் போதும்.

முதலில் குளிர் எவ்வளவு என்று பார்ப்போம். மலை ஏற ஏற, ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறக்குறைய 6.5 டிகிரி வெப்பம் குறையும். கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்படியென்றால் அடிவாரத்துத் தாப்பாவைவிட அங்கே 9 டிகிரி குறைவு. தாப்பாவில் விடிகாலை 24 டிகிரி என்றால் மேலே 15. மலேசியாவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையும் கேமரன் மலையில்தான்: 1978 பிப்ரவரி 1ஆம் தேதி, 7.8 டிகிரி. ஊட்டியில் உறைபனி பார்த்தவர்களுக்கு இது பெரிய குளிராகத் தோன்றாது. ஆனால் அவர்கள் அதை நின்றுகொண்டு பார்த்தார்கள். நாம் மோட்டாரில் போகிறோம்.

அடுத்தது காற்று. கடையில் தே தாரிக் போடுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். கொதிக்கிற தேநீரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு நீளமாக இழுத்து ஊற்றுவார். நாலு இழுப்பில் குடிக்கிற சூட்டுக்கு வந்துவிடும். அவர் பனிக்கட்டி எதுவும் போடவில்லை. கடைக்குள் இருந்த காற்று முன்பிருந்த அதே சூட்டில்தான் இருக்கிறது. ஆனால் தேநீரைச் சுற்றிச் சூடாகி நிற்கும் காற்று ஒவ்வொரு இழுப்பிலும் விலகிப் போய், புதுக்காற்று வந்து சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. மோட்டாரில் போகிறபோது உங்கள் உடம்புதான் அந்தத் தேநீர். 80 கிலோமீட்டர் வேகத்தில் உங்களை யாரோ விடாமல் ஆற்றிக்கொண்டே இருக்கிறார்கள். வானிலைத் துறையினர் பயன்படுத்தும் கணக்குப்படி, 10 டிகிரிக் குளிரில் 80 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்தில் பட்டால் அது 4 டிகிரி மாதிரி உறைக்கும்.

பிறகு ஈரம். இதுதான் நம் நாட்டு மோட்டார்க்காரர்களுக்கு உண்மையான எதிரி, அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் வெளிப்பக்கம் கசியும் ஈரம் ஆவியாகிறது. ஆவியாக அதற்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டை அது பானையிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. நனைந்த சட்டையோடு காற்றில் போகிறவரின் உடம்பு அந்த மண்பானைதான். இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு மணி நேரத்தில் கால் லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 170 வாட் சூடு வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளின் உடம்பு உண்டாக்குவதோ சுமார் 100 வாட், பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. மோட்டாரில் நாம் நடப்பதில்லை, மிதிப்பதில்லை, உட்கார்ந்துதான் இருக்கிறோம். அந்த 170 வாட்டில் பெரும்பங்கை உடம்பே கொடுக்க வேண்டி வந்தால், வரவைவிடச் செலவு கூடிவிடும். 23 டிகிரியில், சிரம்பான் சாலையில், மழையில் நனைந்து போகிறவருக்குப் பல் கிட்டுவது அதனால்தான். அது பலவீனம் இல்லை.

உடம்பின் உட்சூடு 37 டிகிரியிலிருந்து 35க்குக் கீழே இறங்கினால் அது மருத்துவ ஆபத்து. அவ்வளவு தூரம் போகுமுன்னே விரல் மரத்துவிடும், பிரேக் பிடிக்கத் தாமதமாகும், புத்தி மந்தமாகும். மலைச்சாலை வளைவில் இந்தத் தாமதம்தான் ஆளை விழ வைக்கிறது.

எதிரி இரண்டு பேர், காற்றும் ஈரமும், என்று தெரிந்துவிட்டது. காவல் எப்படி? நாசி லெமாக் பொட்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சோற்றை ஒட்டி வாழையிலை, அதற்கு வெளியே செய்தித்தாள். விடிகாலையில் கட்டிய பொட்டலம் பசியாறும் நேரம்வரை வெதுவெதுப்பாக இருக்கிறதே, எப்படி? இலை ஆவியை வெளியே விடாமல் பிடிக்கிறது. தாளின் மடிப்புகளுக்குள் காற்று அசையாமல் சிறைப்பட்டு நிற்கிறது. அசைகிற காற்று திருடன், அசையாத காற்று போர்வை. நம் அப்பாமார் ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு ‘தமிழ் நேசன்’ தாளை மடித்துச் செருகிக்கொண்டு போனதும் இதே வேலைதான். 1924இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019இல் நின்றுபோனது. அது செய்தி சொன்னதோடு நிற்கவில்லை, எத்தனையோ நெஞ்சுகளைக் குளிர் ஏறாமல் காத்தும் இருக்கிறது.

ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனியுங்கள். பொட்டலத்தில் ஈரம் உள்ளிருந்து வருகிறது, அதனால் இலை உள்ளே. மோட்டாரில் ஈரம் வெளியிலிருந்து வருகிறது. ஆகவே நம்முடைய ‘இலை’, அதாவது மழைக்கோட்டு, வெளியே இருக்க வேண்டும். காற்றைப் பிடித்து வைக்கும் தடித்த துணி அதற்குள்ளே. பலர் மழை வந்தபிறகுதான் மழைக்கோட்டு போடுகிறார்கள். குளிர் மலையில் மழை இல்லாவிட்டாலும் அதைப் போடலாம். காற்றைத் தடுக்க அதைவிட மலிவான பொருள் இல்லை.

இப்போது ஜாக்கெட் விஷயம் புரிந்திருக்கும். ஜிப் இருக்கிற பக்கம் தையல் இடைவெளி வழியே காற்று புகும். முதுகுத் துணியில் இடைவெளி இல்லை. காற்று அறைகிற நெஞ்சுப் பக்கத்துக்கு இடைவெளி இல்லாத துணியைக் கொண்டுவந்தார்கள். படித்துச் செய்ததல்ல, பட்டுச் செய்தது.

இனி உடுப்புக்குள்ளே போவோம்.

சூடேறும் உடுப்பின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே ஒன்று, முதுகில் ஒன்று, வயிற்றின் இரு பக்கமும் ஒவ்வொன்று என்று கையகலத்துக்குத் தகடு மாதிரி தட்டுப்படும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு கம்பி வளைந்து வளைந்து, ஜாங்கிரி பிழிந்த மாதிரி ஓடும். பெரும்பாலும் அது கரிநார்க் (கார்பன் ஃபைபர்) கம்பி. ரொட்டி சுடும் டோஸ்டரில் சிவந்து எரிகிற நிக்ரோம் கம்பிக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பி ஏன் சூடாகிறது? தைப்பூசத்தன்று பத்துமலை வாசலை நினைத்துப் பாருங்கள். அகலமான சாலையில் கூட்டம் தாராளமாக நடக்கிறது. குறுகிய வாசலில் அதே கூட்டம் நுழையும்போது தோளோடு தோள் உரசுகிறது, வேர்த்துக் கொட்டுகிறது. மின்சாரமும் அப்படித்தான். தடித்த செம்புக் கம்பியில் சுகமாகப் போகிறது. கரிநாரில் நெருக்கியடித்துப் போகும்போது சூட்டைக் கொட்டுகிறது. அந்த நெருக்கடிக்குப் பெயர் மின்தடை. கூட்டம் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்காகும். இதை 1840களின் தொடக்கத்திலேயே ஜேம்ஸ் ஜூல் அளந்து சொல்லிவிட்டார். இந்த ‘நாலு மடங்கை’ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சத்தில் நமக்கு வேண்டியிருக்கும்.

பவர் பேங்க்கில் மாட்டும் உடுப்பு பொதுவாக 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் இழுக்கும். வோல்ட் என்பது தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. ஆம்பியர் என்பது குழாயில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது. இரண்டையும் பெருக்கினால் வாட். 5 பெருக்கல் 2, பத்து வாட். அவ்வளவுதான் நம் அடுப்பு.

பத்து வாட் எதற்குப் போதும்? வீட்டுச் சோற்றுக் குக்கரில் இரண்டு விளக்கு உண்டு. ஒன்று வேக வைக்க, இன்னொன்று வெந்த சோற்றைச் சூடாக வைத்திருக்க. இரண்டாவதுக்கு மிகக் கொஞ்சம் மின்சாரமே போதும். ஏன்? மூடி இருக்கிறது. மூடியைத் திறந்து மின்விசிறிக்குக் கீழே வைத்துப் பாருங்கள், சோறு ஆறிப்போகும். சூடேறும் உடுப்பும் அந்த இரண்டாவது விளக்குத்தான். உங்கள் உடம்பு உண்டாக்கும் நூறு வாட்டோடு இது பத்தைச் சேர்க்கிறது. காற்றும் ஈரமும் புகாமல் மூடியிருந்தால் அந்தப் பத்து பெரிய உதவி. மூடாவிட்டால் 170ஐக் கேட்கிற ஈரத்துக்கு முன்னால் இந்தப் பத்து எம்மாத்திரம்? உடுப்பு வேலை செய்யவில்லை என்று சொல்கிறவர்களில் பலர் அதை ஜாக்கெட்டுக்கு மேலே போட்டவர்கள், அல்லது காற்று உள்ளே போகிற சட்டைக்குள் போட்டவர்கள். சரியான வரிசை இது: உடம்போடு உலர்ந்த பனியன், அதன்மேல் சூடேறும் உடுப்பு, அதன்மேல் தடித்த துணி, எல்லாவற்றுக்கும் மேலே மழைக்கோட்டு.

அப்படியானால் விரல்களுக்கு என்ன வழி, உடுப்பு நெஞ்சைத்தானே சுடுகிறது என்று கேட்பீர்கள். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் தோட்டத்தில் என்ன செய்வார்கள்? லயத்துக் குழாய்களை அடைத்துவிட்டு, இருப்பதை ஆஸ்பத்திரிக்கு விடுவார்கள். உடம்பும் அதே நிர்வாகம்தான் செய்கிறது. நெஞ்சுக்குள் சூடு குறைகிறது என்று தெரிந்ததும், கைகால் விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, சூட்டை இதயத்துக்கும் மூளைக்கும் மிச்சம் பிடிக்கிறது. நெஞ்சைச் சூடாக வைத்தால் குழாய் திரும்பத் திறக்கும், விரலுக்கும் சூடு வரும். கையுறை போட்டும் விரல் விறைக்கிறது என்றால் கோளாறு பலநேரம் கையில் இல்லை, நெஞ்சில் இருக்கிறது.

அடுத்து, மின்சாரத்துக்கு எங்கே போவது? எளிய வழி பவர் பேங்க். அது தூக்குச்சட்டிச் சாப்பாடு மாதிரி. வீட்டில் கட்டிக் கொடுத்தது, இருக்கிறவரை உண்டு, தீர்ந்தால் தீர்ந்தது. 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று மேலே எழுதியிருக்கும் பெட்டிக்குள் இருப்பது ஏறக்குறைய 37 வாட்-மணி. 5 வோல்ட்டாக மாற்றும்போது கொஞ்சம் வீணாகும், கைக்கு வருவது 30 என்று வைத்துக்கொள்ளலாம். பத்து வாட் அடுப்புக்கு மூன்று மணி நேரம். தாப்பாவிலிருந்து தானா ராத்தா சுமார் 60 கிலோமீட்டர். மெதுவாக ஏறினாலும் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆக, சிரம்பானிலிருந்து நெடுஞ்சாலையில் தாப்பாவரை உடுப்பை அணைத்து வைத்து, மலை ஏறத் தொடங்கும்போது போட்டால் ஒரு பெட்டி போதும், திரும்பி இறங்குவதற்கு இன்னொன்று. பெட்டி மழைக்கோட்டுக்கு உள்ளே இருக்கட்டும். உப்பிப்போன பவர் பேங்க்கை எக்காரணம் கொண்டும் உடம்போடு கட்டிக்கொள்ளாதீர்கள். லிதியம் தீப்பிடித்தால் ஜாக்கெட்டைக் கழற்ற நேரம் இருக்காது.

மோட்டாரிலேயே மாட்டுவதுதான் இரண்டாவது வழி. தூக்குச்சட்டியை விட்டுவிட்டு வீட்டு அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து சாப்பிடுவது போல. தீராது, ஆனால் அடுப்பங்கரையின் அளவு தெரிந்திருக்க வேண்டும்.

மோட்டாரின் மின்சாரத்தை ரப்பர் மரத்தை வைத்தே சொல்லிவிடலாம். எஞ்சின் சுழலும்போது அதோடு சேர்ந்து ஒரு காந்தம் சுழல்கிறது, பக்கத்திலிருக்கும் செம்புச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அது மரம். சொட்டுச் சொட்டாக வடியும் பாலைப் பிடிக்கும் மங்கு, பேட்டரி. வடிவது கூடிப்போய் மங்கு வழியாமல் பார்த்துக்கொள்ள நடுவில் ஒரு கருவி உண்டு, ரெகுலேட்டர். குக்கர் மூடிமேல் ஆவியை அளந்து விடுகிற குண்டு மாதிரி, அழுத்தம் ஏறாமல் காக்கும். மங்கிலிருந்துதான் ஹாரனுக்கும் சிக்னலுக்கும் ஸ்டார்ட்டருக்கும் போகிறது. மரம் வடிப்பதைவிட நீங்கள் மங்கிலிருந்து அதிகம் அள்ளினால் மங்கு காலியாகும். காலியானது தெரியவராது. மலை உச்சியில் தேநீர் குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் பித்தானை அழுத்தும்போதுதான் தெரியும்.

கப்சாயின் மங்கு சின்னது. 12 வோல்ட், 5 ஆம்பியர் மணியை ஒட்டியதுதான் பல வண்டிகளில். சொட்டும் சின்னச் சொட்டே. மலேசியாவில் 1992இலிருந்து பகலிலும் மோட்டாரின் முன்விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம், அதனால் விளக்கை அணைத்து மிச்சம் பிடிக்கவும் முடியாது. பெரிய வண்டிகளுக்கென்றே 12 வோல்ட்டில் செய்யும் சூட்டு ஜாக்கெட்டுகள் உண்டு. 1970களில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கோர்டன் கெர்பிங் என்பவர் செய்யத் தொடங்கிய வகை அது. அவை 75 வாட்டுக்கும் மேல் கேட்கும். அதைக் கப்சாயில் மாட்டுவது ஒரு மங்குப் பாலை நம்பி ஒரு லோரியைக் கொண்டுவந்து நிறுத்துவது போல. பத்து வாட் மலிவு உடுப்போ தாராளமாகத் தாங்கும். இந்த ஒரு விஷயத்தில் மலிவானதுதான் நம் வண்டிக்குப் பொருத்தமானதும்கூட.

ஆனால் நேரடியாக மாட்டக்கூடாது. இங்கேதான் அந்த ‘நாலு மடங்கு’ வருகிறது. 5 வோல்ட்டுக்குச் செய்த உடுப்பை, ஓடுகிற மோட்டாரின் 14 வோல்ட்டில் மாட்டினால் என்ன ஆகும்? அழுத்தம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, சூடு கிட்டத்தட்ட எட்டு மடங்கு. பத்து வாட் அடுப்பு எழுபத்தெட்டு வாட் அடுப்பாகிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி பேட்டரியிலிருந்து இரண்டு கம்பியை இழுத்து, யுஎஸ்பி வாலை வெட்டி ஒட்டுப்போட்டு மாட்டினார். ஐந்து நிமிடம் நல்ல சூடு. அதற்குப் பிறகு பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. கழற்றிப் பார்த்தபோது உட்துணியில் ஜாங்கிரி வடிவத்திலேயே பழுப்புக் கோடு விழுந்திருந்தது. பனியன் போட்டிருந்ததால் தோல் தப்பியது.

ஆகையால் நடுவில் ஒரு சில்லறைக்காரர் வேண்டும். பத்து வெள்ளி நோட்டைக் கொடுத்தால் ஒரு வெள்ளி நோட்டுகளாக மாற்றித் தருகிறாரே, அப்படி 12 வோல்ட்டை வாங்கி 5 வோல்ட்டாக மாற்றித் தரும் சின்னப் பெட்டி. மோட்டார் கடைகளில் கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் போட ஹேண்டிலில் மாட்டும் யுஎஸ்பி பெட்டி என்று கேட்டால் தருவார்கள், உள்ளே இருப்பது இதுதான். 2 ஆம்பியருக்குக் குறையாமல் தருகிறதா, மழை தாங்குமா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். நல்ல சில்லறைக்காரர் கமிஷன் அதிகம் எடுக்கமாட்டார். பத்து வாட் வெளியே தர, பதினொன்றை ஒட்டி உள்ளே வாங்குவார். பேட்டரிப் பக்கம் பார்த்தால் ஒரு ஆம்பியருக்கும் குறைவு. உங்கள் உடுப்பு 5 வோல்ட் இல்லாமல் 7.4 வோல்ட் பேட்டரியோடு வந்ததா? அதே வேலைதான், 7.4க்கு மாற்றும் பெட்டி வேண்டும்.

மின்வேலை தெரிந்த சிலர் சில்லறைக்காரரே வேண்டாம் என்பார்கள். ஒரே அளவான மூன்று தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவிட்டால், 14 வோல்ட்டை மூன்றும் பங்கு போட்டு ஆளுக்கு நாலேமுக்காலுக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொள்ளும். கணக்கு சரிதான். ஆனால் பூச்சரத்தில் நாரை ஒரு இடத்தில் அறுத்தால் சரம் முழுதும் போய்விடும். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானிகள் போட்ட ஆரம்பகால மின்சூட்டு உடைகளில் இதே தொல்லை இருந்தது. ஓரிடத்தில் கம்பி அறுந்தால் உடை முழுதும் குளிர்ந்துவிடும், அதுவும் உறைநிலைக்கும் கீழே குளிர் இறங்கும் உயரத்தில். பிறகு வந்த உடைகளில் தனித்தனியாகப் பிரித்துக் கோத்தார்கள். தவிர, கரிநாரைச் சாதாரண ஈயத்தால் பற்றவைக்க முடியாது, கிளிப்பு வைத்து நசுக்கித்தான் இணைக்க வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் உடுப்பைப் பிரிக்காமல் பெட்டி வாங்கி மாட்டுவதே நல்லது.

அடுத்து பியூஸ். இதை விட்டுவிட்டுச் செய்கிறவர்களைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. குக்கர் மூடியில் குண்டு தவிர, ஓரமாக ஒரு சின்ன அடைப்பு இருக்கும். குண்டின் துளையில் பருப்பு அடைத்துக்கொண்டு சூடு மிஞ்சினால், அந்த அடைப்பில் இருக்கும் உலோகக் கலவை உருகி ஆவியை வெளியே விட்டுவிடும். அடைப்பு போய்விடும், சமையற்கட்டு பிழைக்கும். பியூஸும் அதே உருகிதான். எங்காவது கம்பி உரசி மின்சாரம் தாறுமாறாகப் பாய்ந்தால், கம்பி தீப்பிடிக்கும் முன் இது உருகி வழியை அறுத்துவிடும். நம் உடுப்புக்கு 2 ஆம்பியர் பியூஸ் போதும். எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம்: பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில். பியூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் கம்பிக்குக் காவல் கிடையாது, அதனால் அது விரல் நீளத்துக்கு மேல் இருக்க வேண்டாம். பெட்டிக்கு மின்சாரம் சாவி போட்டால் மட்டும் வரும் கம்பியிலிருந்து வரட்டும். அது எது என்று மோட்டார் கடைப் போமனைக் கேளுங்கள், ஒரு நிமிட வேலை. இல்லாவிட்டால் வண்டியை நிறுத்திய பிறகும் மங்கு ஒழுகிக்கொண்டே இருக்கும்.

எல்லாம் மாட்டியபிறகு ஒரு சோதனை. மல்டிமீட்டரைப் பேட்டரியின் இரு முனையிலும் வையுங்கள். எஞ்சின் அணைந்திருக்கும்போது நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். எஞ்சினை ஓட்டி, சாலையில் போகிற அளவுக்கு முறுக்கினால் பதின்மூன்றரையிலிருந்து பதினான்கரைக்குள் நிற்க வேண்டும். இப்போது முன்விளக்கோடு உடுப்பையும் போடுங்கள். முள் 13க்கு மேலேயே நின்றால் மரம் வடிப்பது போதுமானதாக இருக்கிறது. அதற்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் மங்கு காலியாகிக்கொண்டிருக்கிறது. அந்த வண்டிக்குப் பவர் பேங்க்தான் சரி.

வால் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். உடுப்பிலிருந்து வண்டிக்குப் போகும் கம்பி, இழுத்தால் தானாகக் கழன்று வரும் இணைப்பாக இருக்கட்டும். மறந்துபோய் இறங்கி நடந்தாலும், கீழே விழுந்தாலும், வண்டி உங்களைப் பிடித்து இழுக்கக்கூடாது. மிச்சக் கம்பியைத் தொங்கவிடாமல் ஜாக்கெட்டுக்குள் சுருட்டிவிடுங்கள்.

கடைசியாகத் தோல். வெந்நீர் பட்டால்தான் கொப்பளிக்கும் என்று நினைக்கிறோம். 44 டிகிரிச் சூடுகூட ஆறு மணி நேரம் ஒரே இடத்தில் இருந்தால் தோலைச் சுட்டுவிடும். 44 டிகிரி கைக்கு இதமாகத்தான் தெரியும், ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. அதனால் வெறும் உடம்பில் போடாதீர்கள், நடுவில் பனியன் இருக்கட்டும். பெரிய சூட்டில் பத்து நிமிடம் வைத்து, பிறகு சின்னச் சூட்டுக்கு இறக்கிவிடுங்கள். உடுப்பைச் சட்டை மாதிரி மடித்து வைக்காமல் தொங்கவிடுங்கள். ஒரே மடிப்பில் கம்பி நைந்துபோனால் அந்த இடம் மட்டும் கூடுதலாகச் சுடும். இனிப்புநீர் உள்ள பெரியவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அது இல்லாத வீடு குறைவு. நரம்பு மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது. அப்பாவுக்கு ஆசையாக வாங்கிக் கொடுப்பதாக இருந்தால், முதல் நாள் வீட்டில் அரைமணி நேரம் போட்டுப் பார்த்து, கழற்றி, தோல் சிவந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

லயத்திலிருந்து பெரட்டுக்கோ, சிரம்பானிலிருந்து செனவாங்குக்கோ போகிறவருக்கு இந்த உடுப்பு தேவையில்லை. மாற்றிப் போட்ட ஜாக்கெட்டும் நல்ல மழைக்கோட்டும் போதும், காசை மிச்சம் பிடியுங்கள். கேமரனுக்குப் போகிறவருக்குப் பவர் பேங்க்கோடு இந்த உடுப்பு உபயோகமான சாமான். நாள் கணக்கில் மலையில் சுற்றுகிறவர்கள் மட்டும் வண்டியில் மாட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.

எதைப் போட்டுக்கொண்டு போனாலும் தம்பிமாரே, ஒரு பனியனையும் ஒரு சட்டையையும் பிளாஸ்டிக் பையில் கட்டி சீட்டுக்கு அடியிலோ பையிலோ வைத்துக்கொண்டு போங்கள். மலை ஏறும் வழியில் ரிங்லெட் வருமுன் மழை பிடித்து உள்ளே நனைந்துவிட்டால், தானா ராத்தாவில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டாதீர்கள். கண்ணில் படும் முதல் கடையோரம் நிறுத்தி, ஈரத்தைக் கழற்றிவிட்டு, உலர்ந்ததை மாட்டிக்கொண்டு ஏறுங்கள்.